க்வெரியை எங்கே வைப்பது: ரெப்பாசிட்டரியிலா, சர்வீஸிலா, டேட்டாபேஸுக்குள்ளேயேவா?

#1 கொடிவேரி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டீமில் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை இங்கே கொண்டு வந்திருக்கிறேன், யாராவது தீர்த்து வையுங்கள். மருந்து மொத்த விற்பனைக்கான பில்லிங், இருப்புக் கணக்கு. டாட்நெட் 8, டேட்டாபேஸோடு பேச என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். லேயர் நான்கு: வெப், அப்ளிகேஷன் சர்வீஸ், டொமைன், இன்ஃப்ராஸ்ட்ரக்சர். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) என்று வந்தால் மட்டும் ஆளுக்கொரு இடம்.

முதலில் எல்லா டேபிளுக்கும் பொதுவாக ஒரு ஜெனரிக் ரெப்பாசிட்டரி (டேட்டாவை எடுக்கவும் சேமிக்கவும் உள்ள கிளாஸ்) எழுதினார்கள். கெட்பைஐடி, கெட்ஆல், ஆட், டெலீட், அவ்வளவுதான். அது போதாமல் போனதும் ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு மெத்தட் சேர்க்க ஆரம்பித்து, இப்போது "கெட்ஆக்டிவ்பேட்சஸ்பைப்ராடக்ட்அண்ட்கோடவுன்வித்சப்ளையர்" மாதிரி ரயில் நீளப் பெயர்களோடு பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி) ரெப்பாசிட்டரி மட்டும் தனியாக வீங்கிக் கிடக்கிறது. இது வேண்டாம் என்று இன்னொரு பாதி ஆட்கள் ரெப்பாசிட்டரியிலிருந்து மேலும் கண்டிஷன் சேர்க்கத்தக்க க்வெரியான ஐக்யூரியபிளையே அப்படியே வெளியே கொடுத்துவிட்டார்கள், வெப் லேயரின் கன்ட்ரோலரில் உட்கார்ந்து வேர் (where) கண்டிஷன் சேர்க்கிறார்கள். டீம் லீட் "எல்லாம் ரெப்பாசிட்டரிக்குள்" என்கிறார். டேட்டாபேஸ் பார்ப்பவர் "எல்லாம் டேட்டாபேஸிலேயே வாழும் ஸ்டோர்டு புரொசீஜருக்குள்" என்கிறார்.

எனக்கு உண்மையில் வலிக்கிற இடம் இதுதான். "விற்கத்தக்க இருப்பு" என்றால் என்ன என்பதற்கு எங்கள் பிசினஸில் ஒரு விதி உண்டு: பேட்ச் தடை செய்யப்பட்டிருக்கக் கூடாது, காலாவதிக்கு இன்னும் 90 நாளாவது இருக்க வேண்டும், திருப்பி அனுப்பத் தனியாக எடுத்து வைத்ததாக இருக்கக் கூடாது, அளவு பூஜ்யத்துக்கு மேல். இந்த நான்கு வரி பில்லிங்கில் ஒரு மாதிரி, ஸ்டாக் ரிப்போர்ட்டில் ஒரு மாதிரி, மொபைல் ஆப்புக்கான ஏபிஐயில் இன்னொரு மாதிரி இருக்கிறது. ஏபிஐயில் அந்த 90 நாளே கிடையாது. விற்பனைப் பிரதிநிதி கடையில் நின்று "இருக்கு சார், நாளைக்கு அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு வருகிறார், இங்கே பில் போட்டால் இருப்பு இல்லை என்று வருகிறது.

எங்கே எழுதினால் இது நிற்கும்?

#2 பழைய சர்வர்

உங்கள் டேட்டாபேஸ்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஆரக்கிளில் மட்டும் பார்த்தாலே, 7 வந்த 1992-லிருந்து ஸ்டோர்டு புரொசீஜர் இருக்கிறது. அதற்கப்புறம் மேலே உட்கார்ந்த அப்ளிகேஷன்கள் எத்தனை போயின என்று நினைத்துப் பாருங்கள். விஷுவல் பேசிக், பவர்பில்டர், வெப் ஃபார்ம்ஸ், சில்வர்லைட். குடியிருப்பவர் மாறுவார், வீடு அப்படியே நிற்கும். விதியை டேட்டாபேஸில் எழுதுங்கள், பில்லிங்கும் ஏபிஐயும் ரிப்போர்ட்டும் ஒரே புரொசீஜரைக் கூப்பிடட்டும். மூன்று இடத்தில் மூன்று மாதிரி என்ற பேச்சே வராது. டேபிளுக்கு நேரடி அனுமதியை எடுத்துவிட்டுப் புரொசீஜருக்கு மட்டும் கொடுத்தால் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும்.

#3 மீனலோசனி

பழைய சர்வர் ஐயா, வியாதி சரியாகத்தான் தெரிகிறது, மருந்துதான் கொஞ்சம் அதிகமோ என்று படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கொடிவேரிக்கு.

ஒரே கேள்விக்கு ஒரே இடம் என்று தேடுவதால்தான் சண்டை. அப்ளிகேஷனில் க்வெரி இரண்டு காரணத்துக்காக ஓடுகிறது. ஒன்று, முடிவெடுக்க: இந்த பில்லைப் போடலாமா, இந்த ஆர்டரை ரத்து செய்யலாமா. இன்னொன்று, காட்ட: ஒரு லிஸ்ட், ஒரு டாஷ்போர்டு, ஒரு ப்ரிண்ட். முடிவெடுக்கும் க்வெரிக்கு முழு ஆப்ஜெக்ட் வேண்டும், அதன் விதிகளோடு வேண்டும், மாற்றிச் சேமிக்க வேண்டும். காட்டும் க்வெரிக்கு ஆறு டேபிளிலிருந்து ஏழு காலம் (column) வேண்டும், படித்தவுடன் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டையும் ஒரே ரெப்பாசிட்டரியில் திணித்ததால்தான் உங்களுக்கு அந்த ரயில் பெயர்கள். அதில் எத்தனை மெத்தட் ஒரே ஒரு ஸ்கிரீனுக்காக மட்டும் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

முடிவெடுக்கும் பக்கத்துக்கு ரெப்பாசிட்டரி சரி, ஆனால் ஜெனரிக் வேண்டாம். என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் டிபிசெட் என்பதே ரெப்பாசிட்டரி மாதிரிதான், டிபிகான்டெக்ஸ்ட் என்பதே யூனிட் ஆஃப் வொர்க்தான் (மாற்றங்களைச் சேர்த்து ஒன்றாகச் சேமிப்பது). அதற்கு மேல் இன்னொரு கெட்பைஐடி எழுதுவது தட்டச்சுப் பயிற்சி. பேட்ச் ரெப்பாசிட்டரியில் மூன்று நான்கு மெத்தட் இருந்தால் போதும், ஒவ்வொன்றும் பிசினஸ் ஆள் சொல்லும் வாக்கியமாக இருக்க வேண்டும்: "இந்த மருந்துக்கு முதலில் காலாவதியாகும் விற்கத்தக்க பேட்ச்களை எடு" என்பது மாதிரி.

காட்டும் பக்கத்துக்கு ரெப்பாசிட்டரியே வேண்டாம். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு சின்ன க்வெரி கிளாஸ். உள்ளே வருவது ஃபில்டர், வெளியே போவது அந்த ஸ்கிரீனுக்கான டிடிஓ, அதாவது டேட்டாவை மட்டும் சுமக்கும் ஆப்ஜெக்ட். நடுவில் டிராக்கிங் (மாற்றங்களைக் கவனிப்பது) இல்லாத லிங்க் (LINQ, சி ஷார்ப்பிலேயே எழுதும் க்வெரி) எழுதுங்கள், அல்லது டேப்பர் என்ற சின்ன லைப்ரரி வைத்து வெறும் எஸ்க்யூஎல் எழுதுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஸ்கிரீன் போனால் அந்த ஃபைலை அழித்துவிடலாம். இதைப் பெரிய பெயர் வைத்து சிக்யூஆர்எஸ் (படிப்பதையும் எழுதுவதையும் பிரிப்பது) என்பார்கள், இரண்டு டேட்டாபேஸ், ஈவென்ட் ஸ்டோர் என்று பயமுறுத்துவார்கள். அதெல்லாம் இதற்குத் தேவையே இல்லை, ஒரே டேட்டாபேஸில் இரண்டு ஃபோல்டர் போதும்.

அப்புறம் ஐக்யூரியபிளை வெளியே கொடுப்பது. அது க்வெரியின் விடையே இல்லை, இன்னும் ஓடாத க்வெரி. கன்ட்ரோலரில் ஒருவர் வேர் சேர்க்கிறார், அதற்கு மேல் ஒருவர் ஆர்டர்பை, வியூவில் ஒருவர் கவுண்ட். கடைசியில் டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் எந்த ஃபைலிலும் எழுதப்பட்டிருக்காது. அது மெதுவாக ஓடினால் எங்கே போய்த் திருத்துவது? எந்த இண்டெக்ஸ் போடுவது என்று டேட்டாபேஸ்காரர் கேட்டால் காட்ட ஒரு வரி இருக்காது.

#4 சும்மா ஒருவன்

ஒரு சந்தேகம். சர்வீஸில் நேரடியாக டிபிகான்டெக்ஸ்ட் வைத்தால், நாளைக்கு போஸ்ட்கிரெஸ் வேண்டாம் என்று எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறினால் என்ன செய்வது? அதற்குத்தானே ரெப்பாசிட்டரி?

#5 மீனலோசனி

மாறும்போது ரெப்பாசிட்டரி காப்பாற்றாது. மாறுவது மெத்தட் பெயரா என்ன? போஸ்ட்கிரெஸில் எழுத்துகளை ஒப்பிடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) கிடையாது. லாக்கிங் (வரிக்குப் பூட்டு போடுவது) வேறு: போஸ்ட்கிரெஸில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுப்பதில்லை, எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான செட்டிங்கில் தடுத்துக்கொள்வார்கள். ஆன் கான்ஃப்ளிக்ட், ஜேசன்பி, அரே எல்லாம் வேறு. இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும், நடத்தை மட்டும் மாறிவிடும், அதைக் கம்பைலர் சொல்லாது. வராத விருந்தாளிக்காக அறை கட்டாதீர்கள்.

#6 லாக் படிப்பவன்

நான் இந்த விவாதத்தில் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எந்த லேயர் என்பதை விட, க்வெரி எத்தனை தடவை ஓடுகிறது என்பதை லேயர் மறைக்கிறதா என்று பாருங்கள்.

அண்மையில் ஒரு ஆர்டர் லிஸ்ட் பேஜைப் பார்க்கச் சொன்னார்கள். கோட் படித்தால் குறையே சொல்ல முடியாது. சர்வீஸ், ஆர்டர் ரெப்பாசிட்டரியிடம் 50 ஆர்டர் கேட்கிறது. ஃபார்ஈச்சில் ஒவ்வொரு ஆர்டரையும் மேப்பரிடம் கொடுக்கிறது. மேப்பர் வாடிக்கையாளர் பெயருக்காக வாடிக்கையாளர் சர்வீஸைக் கேட்கிறது, அது தன் ரெப்பாசிட்டரியின் கெட்பைஐடியைக் கூப்பிடுகிறது. பாக்கித் தொகைக்கு இன்னொரு சர்வீஸ், இன்னொரு கெட்பைஐடி. ஒவ்வொரு ஃபைலும் பத்து வரி, ஒவ்வொன்றும் அதன் வேலையை மட்டும் செய்கிறது, கோட் ரிவ்யூவில் யாரும் நிறுத்த மாட்டார்கள். போஸ்ட்கிரெஸ் லாகை ஆன் செய்து பேஜை ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்தால் ஒன்றுக்கு அப்புறம் ஐம்பது, அதற்கப்புறம் இன்னொரு ஐம்பது, மொத்தம் 101 க்வெரி. டெவலப்பர் லேப்டாப்பில் டேட்டாபேஸ் அதே மெஷினில் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. சர்வரில் ஒரு ரவுண்ட் ட்ரிப்புக்கு 2 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், ஐந்தில் ஒரு பங்கு செகண்ட் சும்மா போய் வருவதிலேயே போகிறது. இதில் க்வெரி ஒவ்வொன்றும் ப்ரைமரி கீ வைத்துத் தேடுவது, அதனால் ஸ்லோ க்வெரி லாகில் ஒன்று கூட வராது.

லேஸி லோடிங்கால் (தொடும்போது மட்டும் டேட்டாவை இழுப்பது) வருவதைத்தான் எல்லாரும் என் பிளஸ் ஒன் (லிஸ்ட்டுக்கு ஒரு க்வெரி, அப்புறம் வரிக்கு ஒன்று) என்று திட்டுவார்கள். இங்கே லேஸி லோடிங்கே கிடையாது. "எல்லா டேட்டாவும் அதனதன் ரெப்பாசிட்டரி வழியாகத்தான்" என்ற சுத்தமான விதியே இதைச் செய்தது. மீனலோசனி சொன்ன மாதிரி அந்த லிஸ்ட்டுக்கு ஒரே க்வெரி கிளாஸ், ஆர்டரையும் வாடிக்கையாளரையும் ஜாயின் செய்து, பாக்கியைக் கூட்டிச் சேர்த்து எழுதினால் முடிந்தது.

ஓடும் க்வெரிகளைக் கணக்கெடுக்கும் பிஜிஸ்டாட்ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, சராசரி நேரத்தை விட்டுவிட்டு, எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்ற காலத்தை (column) வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே வந்து நிற்பதெல்லாம் இந்த ஜாதிதான்.

#7 ஜாவாக்காரி

எங்கள் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் மசாலா கூட. ஜாவாவின் ஸ்ப்ரிங் டேட்டாவில் மெத்தட் பெயரே க்வெரி. ஃபைண்ட்பை என்று ஆரம்பித்து ஆண்ட், ஆர், பிட்வீன், ஆர்டர்பை எல்லாம் பெயரிலேயே எழுதலாம். இரண்டு கண்டிஷன் வரைக்கும் ரொம்பச் சுகம். அதைத் தாண்டினால் உங்கள் ரயில் எங்கள் ஸ்டேஷனிலும் நிற்கும். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: இரண்டு கண்டிஷனுக்கு மேல் போனால் க்வெரி அன்னோட்டேஷன் போட்டு வெளிப்படையாக எழுது, பெயரைச் சின்னதாக வை.

இன்னொரு பொறி: ஸ்ப்ரிங் பூட்டில் ஓபன் இன் வியூ என்ற செட்டிங் தானாகவே ஆனில் இருக்கும். அதாவது வெப் லேயர் ஜேசன் உருவாக்கி முடிக்கும் வரை ஹைபர்நேட் (டேட்டாபேஸோடு பேசும் ஜாவா லைப்ரரி) செஷன் திறந்தே இருக்கும், ஜேசன் எழுதும் லைப்ரரி ஒரு கெட்டரைத் தொட்டால் அங்கிருந்தே க்வெரி கிளம்பும். நீங்கள் ஆயிரம் லேயர் பிரித்து வையுங்கள், க்வெரி ஓடுவது கடைசியில் ஜேசன் கன்வர்ட்டரில். 2.0-லிருந்து ஸ்டார்ட் ஆகும்போது லாகில் ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. ஆஃப் செய்தால் லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் நாலாபுறமும் வெடிக்கும். வெடிக்கட்டும், எங்கெல்லாம் லேயரைத் தாண்டி க்வெரி போய்க்கொண்டிருந்தது என்ற பட்டியல் இலவசமாகக் கிடைக்கும்.

இதை விட மோசம், கலெக்‌ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்துவிட்டு அதே க்வெரியில் பேஜிங் போடுவது. ஹைபர்நேட் எல்லா வரிகளையும் மெமரிக்கு இழுத்து அங்கே வெட்டிக் கொடுக்கும். விடை சரியாக இருக்கும், அதனால் டெஸ்ட் எல்லாம் பாஸ். டேபிள் வளர்ந்த பிறகுதான் தெரியும்.

#8 கொடிவேரி

லாக் படிப்பவன் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் ஸ்டாக் பேஜைப் பார்த்தேன், அதே வடிவம்தான், அதைப் பற்றி அப்புறம் அழுகிறேன். காட்டும் பக்கம் தனி க்வெரி என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்படிப் பிரித்தால் என் "விற்கத்தக்க" விதி இன்னும் மோசமாகச் சிதறாதா? முடிவெடுக்கும் பக்கம் ஒரு தடவை, ஒவ்வொரு ஸ்கிரீன் க்வெரியிலும் ஒரு தடவை?

#9 மீனலோசனி

சிதறும், விட்டால். அதனால் விதிக்கு மட்டும் ஒரு பெயரும் ஒரு வீடும் வேண்டும். க்வெரி எத்தனை இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, விதி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் இதற்கு எளிய வழி: பேட்ச் வரிசைக்கு "விற்கத்தக்கவை" என்று ஒரு எக்ஸ்டென்ஷன் மெத்தட், இன்றைய தேதியை வாங்கிக்கொண்டு அந்த நான்கு கண்டிஷனையும் வேரில் சேர்த்துத் திருப்பித் தரும். தேதியைக் கண்டிப்பாக வெளியிலிருந்து வாங்குங்கள், உள்ளே டேட்டைம் நவ் எழுதாதீர்கள், டெஸ்ட் எழுதும்போது கும்பிடுவீர்கள். எல்லா க்வெரி கிளாஸும் ரெப்பாசிட்டரியும் அதையே கூப்பிட வேண்டும். இது ஐக்யூரியபிளைத்தான் திருப்பித் தருகிறது, ஆனால் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்குள்ளேயே சுற்றுகிறது, வாசலைத் தாண்டுவதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. மருந்து லிஸ்ட் எடுத்து ஒவ்வொரு மருந்துக்குள்ளும் விற்கத்தக்க பேட்ச்களைக் கூட்ட வேண்டும் என்றால், செலக்ட் லாம்ப்டாவுக்குள் அந்த எக்ஸ்டென்ஷன் மெத்தட்டைக் கூப்பிட முடியாது. என்டிட்டி ஃபிரேம்வொர்க்குக்கு அது புரியாத சி ஷார்ப் மெத்தட். கண்டிஷனையே எக்ஸ்ப்ரஷனாக (எஸ்க்யூஎல்லாக மாற்றத்தக்க வடிவம்) தனியே வைத்து, உள்ளே இருக்கும் கலெக்‌ஷனை அஸ்க்யூரியபிள் ஆக்கி வேரில் கொடுக்க வேண்டும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 3.0-க்கு முன்னால் என்றால் இந்த மாதிரி புரியாத கண்டிஷனை மெமரியில் ஓட்டி, சத்தமில்லாமல் முழு டேபிளையும் இழுத்து வந்திருக்கும். 3.0-லிருந்து நேராக எக்ஸெப்ஷன். அப்போது ஊரே திட்டியது, எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடித்தது.

#10 பழைய சர்வர்

அருமையாகத்தான் இருக்கிறது, மீனலோசனி. உங்கள் எக்ஸ்ப்ரஷனை அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர் எப்படிக் கூப்பிடுவார்? அவர் எக்செலிலிருந்து டேட்டாபேஸுக்கு ஓடிபிசி இணைப்பு போட்டு வைத்திருக்கிறார், மேனேஜர் பவர் பிஐ ரிப்போர்ட் வைத்திருக்கிறார். இருவருக்கும் சி ஷார்ப் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாதக் கடைசியில் மூன்று பேர் மூன்று இருப்பு எண்ணோடு ஒரே அறையில் உட்காருவார்கள். அந்த மீட்டிங்குக்கு உங்கள் நான்கு லேயரில் எதுவும் வராது.

#11 மீனலோசனி

இது நியாயம், மறுக்க மாட்டேன். அப்ளிகேஷனைத் தாண்டி வேறு யாராவது அந்த டேபிளைப் படிக்கிறார்கள் என்றால் விதி டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும். ஆனால் புரொசீஜராக வேண்டாம், வியூவாக, அதாவது டேபிள் போலப் படிக்கத்தக்க சேமித்த க்வெரியாக எழுதுங்கள். புரொசீஜர் கொடுக்கும் விடையோடு இன்னொன்றை ஜாயின் செய்வது தலைவலி. வியூ என்றால் அதன் மேலே ஃபில்டர், ஜாயின், பேஜிங் எல்லாம் செய்யலாம். போஸ்ட்கிரெஸ் எளிய வியூவை க்வெரிக்குள் விரித்துவிட்டுத்தான் திட்டம் போடுகிறது, அதனால் வேகத்திலும் இழப்பு இல்லை. "விற்கத்தக்க_பேட்ச்" என்று வியூ, அதை என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் கீ இல்லாத என்டிட்டியாக மேப் செய்துகொள்ளலாம், எக்செலும் அதையே படிக்கட்டும்.

இண்டெக்ஸ் போடும்போது மட்டும் கவனம்: பார்ஷியல் இண்டெக்ஸில் (சில வரிகளுக்கு மட்டுமான இண்டெக்ஸ்) "இன்றிலிருந்து 90 நாள்" என்று எழுத முடியாது, இன்றைய தேதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. தடை இல்லை, அளவு பூஜ்யத்துக்கு மேல் என்ற பகுதியை மட்டும் பார்ஷியலில் போட்டு, மருந்து ஐடியையும் காலாவதித் தேதியையும் காலங்களாக வையுங்கள்.

புரொசீஜர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் டிப்ளாய். இரண்டு சர்வரில் ஒன்று புதிய வெர்ஷன், ஒன்று பழைய வெர்ஷன் என்று பத்து நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் புரொசீஜரின் பாராமீட்டர் மாறியிருந்தால் ஒரு பக்கம் உடையும்.

#12 பழைய சர்வர்

அதற்கு வியூவும் விதிவிலக்கில்லை அம்மா, காலம் பெயர் மாற்றினால் அதுவும் உடையும். பழையதை வைத்துக்கொண்டு புதிதை வேறு பெயரில் சேர்ப்பதுதான் இரண்டுக்கும் வழி. ஆனால் வியூவுக்கு இறங்கி வந்தீர்களே, அதுவே போதும். மைக்ரேஷன் ஃபைலில் (டேட்டாபேஸ் மாற்றத்துக்கான ஸ்கிரிப்ட்) வைத்து கிட்டில் (Git) போடச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் பிஜிஅட்மின் திறந்து லைவில் மாற்றிவிட்டுப் போகும் வியூவைப் போல ஆபத்து வேறில்லை.

#13 இரவுப்பணி

எல்லாரும் படிக்கும் க்வெரியைப் பற்றியே பேசுகிறீர்கள். இருப்பு என்றதும் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. கொடிவேரி, பில் போடும்போது இருப்பைக் குறைப்பது எப்படி எழுதியிருக்கிறீர்கள்? பேட்சை லோட் செய்து, அளவு போதுமா என்று டொமைன் ஆப்ஜெக்ட்டில் பார்த்து, கழித்து, சேவ்சேஞ்சஸ்?

#14 கொடிவேரி

ஆமாம், அதேதான். பேட்ச் கிளாஸில் "கழி" என்று மெத்தட், போதாவிட்டால் எக்ஸெப்ஷன்.

#15 இரவுப்பணி

அப்படியென்றால் இந்தக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். ஒரு பேட்சில் 12 அட்டை இருக்கிறது. இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பத்துப் பத்து அட்டைக்கு பில். முதல் ரிக்வெஸ்ட் 12 என்று படிக்கிறது, இரண்டாவதும் 12 என்று படிக்கிறது. இரண்டு ஆப்ஜெக்ட்டும் தனித்தனி மெமரியில், இரண்டிலும் 12 பத்தை விடப் பெரியது, விதி பாஸ். இரண்டும் "அளவு = 2" என்று எழுதுகின்றன. பில் 20 அட்டைக்குப் போயிருக்கிறது, டேட்டாபேஸில் மீதி 2. டிரான்ஸாக்‌ஷன் போட்டிருக்கிறோமே என்பார்கள். போஸ்ட்கிரெஸின் வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில் டிரான்ஸாக்‌ஷன் இதைத் தடுக்காது.

விதி டொமைனில் அழகாக இருக்கிறது, யூனிட் டெஸ்ட்டும் பச்சை. ஆனால் காவல் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, விதியை அப்டேட் வாக்கியத்துக்குள்ளேயே வைப்பது: இந்த ஐடி உள்ள பேட்சில், அளவு பத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும், அளவிலிருந்து பத்தைக் கழி. எத்தனை வரி மாறியது என்று பார்ப்பது, பூஜ்யம் என்றால் இருப்பு போதவில்லை. இரண்டாவது ரிக்வெஸ்ட் முதலாவதின் பூட்டுக்காகக் காத்திருந்து, அது கமிட் ஆனதும் போஸ்ட்கிரெஸ் அந்தக் கண்டிஷனைப் புதிய அளவை வைத்து மறுபடி சரிபார்க்கும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 7-லிருந்து எக்ஸிக்யூட்அப்டேட் இருக்கிறது, மாறிய வரி எண்ணிக்கையைத் திருப்பித் தரும். ஆனால் அது கூப்பிட்ட உடனே ஓடிவிடும், சேவ்சேஞ்சஸுக்குக் காத்திருக்காது. அதனால் பில் சேமிப்பதும் இதுவும் ஒன்றாக நிற்க வேண்டுமென்றால் டிரான்ஸாக்‌ஷனை நீங்களே திறக்க வேண்டும்.

இரண்டாவது வழி, விதியை டொமைனிலேயே விட்டுவிட்டு, வரிக்கு வெர்ஷன் டோக்கன் வைப்பது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரியிலும் தானாகவே இருக்கும் எக்ஸ்மின் காலத்தையே டோக்கனாகப் பயன்படுத்தலாம், தனிக் காலம் கூடத் தேவையில்லை. நடுவில் யாராவது மாற்றியிருந்தால் கன்கரன்சி எக்ஸெப்ஷன் வரும், மறுபடி படித்து மறுபடி முயல வேண்டும். கூட்டம் குறைவு என்றால் இது போதும். ஒரே பேட்சுக்கு எல்லாரும் முட்டி மோதும் இடம் என்றால் முதல் வழிதான் நல்லது.

எந்த வழியானாலும் டேபிளில் "அளவு பூஜ்யத்துக்குக் குறையாது" என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு வையுங்கள். மேலே சொன்ன காட்சியை அது மட்டும் தனியாகத் தடுக்காது, இரண்டு பேரும் எழுதுவது 2 தானே. கழிக்கும் வாக்கியத்தை யாராவது கண்டிஷன் இல்லாமல் எழுதிவிட்டால் அப்போது கைகொடுக்கும்.

#16 சும்மா ஒருவன்

அப்படியென்றால் பிசினஸ் விதி எஸ்க்யூஎல்லுக்குள் போய்விடுகிறதே? லேயர் பிரித்ததே அது கூடாது என்றுதானே?

#17 இரவுப்பணி

போகட்டும். இன்டர்ஃபேஸ் டொமைனில் இருக்கிறது: "இருந்தால் கழி, முடிந்ததா இல்லையா சொல்". அதை எப்படிச் சாதிப்பது என்பது இன்ஃப்ராஸ்ட்ரக்சரின் வேலை. பல பேர் ஒரே நேரத்தில் தொடும் எண்ணைக் காக்க டேட்டாபேஸை விட்டால் பொதுவான இடம் வேறு கிடையாது.

டிரான்ஸாக்‌ஷன் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதைத் திறப்பதும் மூடுவதும் சர்வீஸில், யூஸ்கேஸ் அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரெப்பாசிட்டரி மெத்தட்டின் கடைசியிலும் சேவ்சேஞ்சஸ் எழுதும் பழக்கம் பல இடத்தில் பார்க்கிறேன். பில் சேமிக்கப்பட்டது, இருப்பு கழிப்பதில் எக்ஸெப்ஷன் வந்தது, பில் மட்டும் நிற்கிறது. ரெப்பாசிட்டரிக்குத் தான் எந்தப் பெரிய வேலையின் ஒரு பகுதி என்று தெரியாது, அதனால் எப்போது முடிப்பது என்ற முடிவு அதனிடம் இருக்கக் கூடாது.

#18 ஜாவாக்காரி

டெஸ்ட் பற்றி யாரும் பேசவில்லையே. ரெப்பாசிட்டரியை மாக் செய்து (போலி ஒன்றை வைத்து) சர்வீஸை டெஸ்ட் செய்யலாம் என்பதற்காகவே பலர் ரெப்பாசிட்டரி வைக்கிறார்கள். மாக் செய்த ரெப்பாசிட்டரி நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். இரவுப்பணி சொன்ன 12 அட்டைக் கதையை எந்த மாக்கும் பிடிக்காது.

க்வெரியை டெஸ்ட் செய்ய உண்மையான போஸ்ட்கிரெஸ் வேண்டும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வைத்து டாக்கரில் ஒன்று எழுப்பி, மைக்ரேஷன் ஓட்டி, டெஸ்ட் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். டாட்நெட்டுக்கும் இருக்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் இன்மெமரி ப்ரொவைடரை இதற்கு வைக்காதீர்கள், அதில் டிரான்ஸாக்‌ஷனும் கிடையாது, நேரடி எஸ்க்யூஎல்லும் ஓடாது. எஸ்க்யூலைட்டும் முழு பதில் இல்லை: டெசிமல் வகை கிடையாது, லைக் வைத்துத் தேடினால் ஆங்கில எழுத்துகளில் பெரிது சிறிது பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். சின்ன எழுத்தில் "para" என்று தேடும் டெஸ்ட் அங்கே பாஸ், லைவில் "Paracetamol" வராது.

#19 லாக் படிப்பவன்

ஜாவாக்காரி சொன்னதோடு இதையும் சேருங்கள்: முக்கியமான லிஸ்ட் பேஜ்களுக்கு, எத்தனை க்வெரி ஓடியது என்று எண்ணும் டெஸ்ட் ஒன்று. ஐந்து வரி டேட்டாவோடு ஒரு தடவை, ஐம்பது வரியோடு ஒரு தடவை ஓட்டி, இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் கமாண்ட் இன்டர்செப்டர் போட்டால் எண்ணுவது சுலபம்.

அப்புறம் டேக்வித். ஒவ்வொரு க்வெரி கிளாஸிலும் அதன் பெயரை டேக்காகப் போட்டுவிட்டால், டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல்லின் தலையில் கமென்டாக அது வரும். ராத்திரி இரண்டு மணிக்கு லாகில் ஒரு பூதாகரமான க்வெரியைப் பார்த்தால், எந்த ஃபைல் என்று தேட வேண்டியதில்லை.

#20 கொடிவேரி

எல்லாருக்கும் நன்றி. டீம் லீடிடம் இந்த இழையைக் காட்டினேன். வியூவுக்கு டேட்டாபேஸ்காரர் உடனே சரி என்றுவிட்டார், ஸ்கிரீனுக்கு ஒரு க்வெரி கிளாஸ் என்பதை லீட் ஒரு மாட்யூலில் மட்டும் முயன்று பார்க்கலாம் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் இழுபறி. அவர் ஜெனரிக் ரெப்பாசிட்டரியை முதலில் எடுத்துவிடலாம் என்கிறார்.

#21 இரவுப்பணி

வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், யாரையும் கடிக்காது. முதலில் கழிக்கும் வாக்கியத்தை மாற்றுங்கள், அது பணம். அடுத்து வியூ, ஏபிஐயை அதன் மேல் திருப்பிவிடுங்கள், கடைக்காரரிடம் பொய் சொல்வது நிற்கும். ஸ்டாக் பேஜ் மூன்றாவது. ஜெனரிக் ரெப்பாசிட்டரியைக் கூப்பிடும் இடங்கள் தானாகக் குறைந்துகொண்டே வரும், கடைசி ஆள் போனதும் ஃபைலை அழித்துவிடுங்கள்.

#22 பழைய சர்வர்

கழிக்கும் வாக்கியத்தை மாற்றுவதற்கு முன்னால், பில் வரிகளின் கூட்டுத்தொகையையும் பேட்ச் அளவையும் ஒப்பிட்டு ஒரு க்வெரி ஓட்டிப் பாருங்கள். கொள்முதல் அளவிலிருந்து விற்றதையும் திருப்பி அனுப்பியதையும் கழித்தால் இப்போதைய அளவு வர வேண்டும். வராத பேட்ச்களின் லிஸ்ட்டைக் கோடவுன்காரரிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். புதிய கோட் லைவுக்குப் போவதற்கு முன் அந்த எண்கள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பிழைக்கும் புதிய கோடுதான் பழி சுமக்கும்.